பன்னிரண்டு சதவீத குரோமியம்

ஜனவரி 5, திங்கள்

மக்களே, எங்கள் ரைபிள் கிளப்பில் ஒருத்தருக்கும் தெரியாத உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன், நாலாம் நம்பர் ரைபிளின் பேரல் செத்துக்கொண்டிருக்கிறது, கொல்வது யார் தெரியுமா, அதன் ஸ்டீலேதான்!

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: இந்தச் சேனல் என் டைரி. ஊரெல்லாம் பிரியாணி வீடியோ போடட்டும், நான் பேரல் பற்றி எழுதுவேன். பெயர் விகாஷ், ஊர் கோவை, வயது பத்தொன்பது. எந்தக் கல்லூரியிலும் உலோகவியல் படிக்கவில்லை. அதனால்தான் எனக்குப் புரிகிறது.

நாலாம் நம்பரில் சுடுபவர் எங்கள் ரூபிகா அக்கா. ஐம்பது மீட்டர், குப்புறப் படுத்து அறுபது ரவுண்டு, ஒரு ரவுண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. உலகத்திலேயே அழகான விஷயம் எது என்று கேட்டால், அக்கா மூச்சை நிறுத்தும் அந்த ஒரு நொடி என்பேன். (இதற்குக் கீழே வந்து இளிப்பவர்களை பிளாக் செய்வேன்.) பிப்ரவரி 8 அன்று சென்னையில் மாநில அணித் தேர்வு. முதல் நாலு பேர் உள்ளே. அணிக்குள் வந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட முடியும், அதற்கான வயது வரம்பு அக்காவுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. சொந்த ரைபிள் கிடையாது. கிளப்பின் நாலாம் நம்பர்தான் எல்லாமே.

நவம்பர் வரை 615, 616 என்று சுட்டுக்கொண்டிருந்தவர் இப்போது 607-இல் நிற்கிறார். ஐம்பத்தைந்து குண்டுகள் ஒழுங்காகப் போகின்றன, நாலைந்து மட்டும் கண்ட பக்கம் ஓடுகின்றன. “குளிருக்குக் கை வெறச்சுக்குதோ என்னவோம்மா” என்கிறார் கிளப் செயலாளர் சதாசிவம். கோவைக் குளிரில்! நூல் மில் வைத்திருப்பவர் அவர். ஸ்டீல் என்றால் டம்ளர் என்று நினைக்கும் மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

கேளுங்கள். நாலாம் நம்பர் பேரல் குரோம்-மாலி ஸ்டீல். நூற்றுக்கு ஒரு பங்கு குரோமியம், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு மாலிப்டினம், கொஞ்சம் கார்பன், மிச்சமெல்லாம் இரும்பு. ஸ்டெயின்லெஸ் பேரலில் குரோமியம் பன்னிரண்டு பங்கு. ஒன்று எங்கே, பன்னிரண்டு எங்கே? தோட்டாவிலிருக்கும் மருந்து எரியும்போது வரும் வாயு பேரலின் உள்சுவரைச் சுடுகிறது. சுட்ட வேகத்தில் அது ஆறுகிறது. வாயுவிலிருக்கும் கார்பனும் நைட்ரஜனும் மேல்தோலுக்குள் ஏறி அதை அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாக்குகின்றன. அப்பளம் விரிகிறது. விரிசலுக்குள் மறுபடி வாயு நுழைந்து அரிக்கிறது. வனேடியமும் மாலிப்டினமும் கூடுதலாக இருந்தால் சூட்டில் தளராமல் கொஞ்ச நாள் தாங்கும், இல்லாவிட்டால் பேரலின் தொண்டை, அதாவது குண்டு கிளம்பும் இடம், போய்விடும், குண்டும் தடுமாறும்.

இதைத் தெரிந்துகொள்ள அறுபது பக்க ஆராய்ச்சிக் கட்டுரையை மொபைலில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். சதாசிவம் சார் கடைசியாகப் படித்தது பஞ்சு விலையாக இருக்கும்.

ஜனவரி 8, வியாழன்

காலை முழுக்க அப்பாவின் மொபைல் கடை. ஒரு ஆள் வந்து, “தம்பி, இந்தக் கண்ணாடி ஒட்டுனா போன் ஒடையாதுல்ல?” என்றார். போன் உடையாமல் இருக்கக் கீழே போடாமல் இருக்க வேண்டும் என்றேன். அப்பா முறைத்தார்.

மாலை கிளப்பின் சுடுதளம், அதாவது ரேஞ்ச். நாலாம் நம்பரைத் துடைப்பது என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, இரண்டு மாதம் முன்பு நானே எடுத்துக்கொண்டேன். மற்ற ரைபிள்களை ஆயிரம் ரவுண்டுக்கு ஒருமுறை பேருக்குத் துடைக்கிறார்கள். சோம்பேறிகள். நான் அக்கா சுட்ட ஒவ்வொரு முறையும் துடைக்கிறேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நோட் பண்ணுங்கள். பேரலைப் பின்பக்கத்திலிருந்து துடைக்க வேண்டுமானால் சீக் பீஸை, அதாவது குறி பார்க்கும்போது கன்னம் பதிக்கும் கட்டையை, கழற்றியாக வேண்டும். அக்கா அதை முடியளவு முடியளவாகத் திருகித் தன் முகத்துக்கென்று வைத்திருக்கிறார். அதைத் தொட எனக்கு மனசு வருமா? அதனால் நான் துடைக்கும் ராடை, குண்டு வெளியே வரும் முன்முனை வழியாக விடுகிறேன். ஸ்டீல் ராடு, இருபது முறை முன்னும் பின்னும். கடைசியில் முனையைச் சுற்றிப் படிந்திருக்கும் கரியையும் பளபளவென்று துடைத்துவிடுவேன். க்ளோசப் போட்டோ இணைத்திருக்கிறேன். சென்னை கிளப்களில் இப்படி ஒரு முனை இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம். காட்ட மாட்டீர்கள்.

ஜனவரி 9, வெள்ளி

ஒருத்தரும் காட்டவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

திருச்சியில் உலோகவியல் படிக்கும் ஒரு மேதாவி சேனலுக்குள் வந்திருக்கிறார். பெயர் ஜெனிலா, நாகர்கோவில்காரி. ஐடி ‘கார்பன்காரி’. அவர் போட்ட கமெண்ட்டை அப்படியே ஒட்டுகிறேன், எல்லோரும் சிரிக்க வேண்டுமல்லவா:

“மக்கா, நீ படிச்சது பீரங்கிப் பேப்பர்லா. அதுல ஒரு தடவைக்கு எரியுத மருந்து மூட்டைக் கணக்கு. ஒங்க பாயிண்ட் டூ டூ ரைபிள்ல ஒரு சிட்டிகை கூட வராது. குண்டும் மெழுகு தடவுன ஈயம். அதுக்குக் குரோமியம் ஒண்ணா இருந்தா என்ன, பன்னிரண்டா இருந்தா என்ன? அந்தப் பேரலு ஒனக்கும் எனக்கும் பொறவும் கெடக்கும். ஸ்டீல விடு. ஒன் போட்டோவுல முனையோட விளிம்பு ஒரு பக்கம் மழுங்குனாப்ல தெரியி. அதக் கொஞ்சம் பாரு.”

நான் எழுதினேன்: “வெளிச்சம் அப்படி விழுந்திருக்கு மேடம். போட்டோ எடுக்குறது எப்படின்னு உங்க காலேஜ்ல சொல்லித்தர மாட்டாங்களா?”

“வெளிச்சம் வளையும், ஸ்டீல் வளையாது. ராடு எந்தப் பக்கத்துல இருந்து விடுத?”

பிளாக் செய்துவிட்டேன். காலேஜ் ஐடி கார்டு கழுத்தில் தொங்கினால் பேரல் பற்றித் தெரிந்துவிடுமா? அவர் ஒருநாளாவது நாலாம் நம்பரைக் கையில் பிடித்திருப்பாரா?

ஜனவரி 15, பொங்கல்

பொங்கப் பானை எந்த கிரேடு ஸ்டீல் என்று அம்மாவிடம் கேட்டேன். கரண்டி வந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

அக்கா 604.

சுட்டு முடித்ததும் பாயில் எழுந்து உட்கார்ந்து, கோட்டைக் கழற்றாமல் புள்ளி காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“டேய் விகாஷு, என்னைய ஏன்டா உன்ற சேனல்ல இழுக்கறே? நேத்து ஒருத்தன் மெசேஜ் பண்றான், ‘செத்த பேரல் அக்கா, எப்படி இருக்கீங்க’ன்னு.”

“அக்கா, பேரல்தான் பிரச்சினைன்னு ஊருக்குத் தெரியணும்ல? இல்லாட்டி உங்களையில்ல சொல்லுவாங்க?”

“சொல்லட்டும். எனக்கே அப்படித்தான் தோணுது. ட்ரிக்கரு அலுங்காம விழுது, மூச்சு நிக்குது, ஊசி மாதிரி நடுவுலதான் இருக்கேன். குண்டு மட்டும் எட்டுல போய் உக்காந்துக்குது. ஒரு வாரமா சோறு எறங்கல.”

“குரோமியம் ஒரு பெர்சென்ட்தான்க்கா. அதான்.”

“உனக்கு ஒண்ணு சொல்லட்டா? எங்கம்மா எனக்கு இரும்புச்சத்து கம்மின்னு முருங்கக்கீரை குடுக்குது. நீ பேரலுக்குக் குரோமியச்சத்து கம்மிங்கறே. ரெண்டு பேரும் ஒரு கிளினிக்கு போடுங்க.”

சிரித்தார். ஆனால் பாட்டிலைத் திறக்கவே இல்லை. இப்படிப்பட்டவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்த கமிட்டியை நினைத்தால் எரிகிறது. வீட்டுக்குக் கிளம்பும் முன் பேரலை இருபதுக்குப் பதில் நாற்பது முறை துடைத்தேன்.

ஜனவரி 24, சனி

வெற்றி! வெற்றி! வெற்றி!

இன்று கமிட்டிக் கூட்டம். உங்களில் நானூறு பேர் கையெழுத்திட்ட ஆன்லைன் மனுவை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். வெறும் வடை தின்பதற்காகக் கூட்டத்துக்கு வருகிற ஆறு பேர் முன்னால், பீரங்கிக் குழாயின் உள்சுவர் விரிசல் படத்தை லேப்டாப்பில் காட்டினேன். அது பீரங்கி என்று சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல? ஒருவர் வடையைக் கீழே வைத்துவிட்டார். ஸ்டெயின்லெஸ் பேரல் வாங்கியே தீர வேண்டும் என்று முடித்தேன்.

சதாசிவம் சார் எழுந்தார். “தம்பி சொல்றது நாயமாத்தானுங்க தெரியுது. இத்தன விரிசல வெச்சுக்கிட்டு, நாளைக்கு வெடிச்சுக்கிடிச்சுத் தொலஞ்சா யாரு பதில் சொல்றது? ஸ்டெயின்லெஸ் பேரலுக்கு எழுதிப் போட்டரலாம். அதுவரைக்கும் நாலாம் நம்பரைப் பூட்டி வெச்சுருங்க.”

பின்வரிசையிலிருந்து அக்கா கேட்டார். “பேரல் எப்பங்க சார் வரும்?”

“இறக்குமதி, பர்மிட்டு அது இதுன்னு இருக்குதல்லம்மா. ஆடி ஆவணி ஆயிரும்.”

“எனக்கு செலெக்‌ஷன் தையிலங்க சார்.”

“மத்ததெல்லாம் ஆளுக்கொண்ணாப் போயிருச்சு, ரெண்டாம் நம்பர எடுத்துக்க கண்ணு.”

“அது இடதுகைக்காரங்களுக்குச் செஞ்ச கட்டைங்க சார்.”

வடையைக் கீழே வைத்தவர் மறுபடி எடுத்துக்கொண்டார். இப்படி ஒரு கமிட்டி. நான் புதிய பேரல் வேண்டும் என்றுதான் சொன்னேன், பழையதைப் பூட்டச் சொன்னேனா? பாதி கேட்டுவிட்டுப் பாதியில் தீர்ப்பு சொல்கிறவர்கள்.

வெளியே அக்கா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். “கொள்கை அளவில் நாம ஜெயிச்சிட்டோம்க்கா” என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

தலைவலி. கடைக்கும் போகவில்லை.

ஜனவரி 28, புதன்

அக்கா மூன்று நாளாகச் சதாசிவம் சாரின் மில் வாசலிலேயே நின்றிருக்கிறார். முப்பது ரவுண்டு, ஒரே ஒரு முறை, அவர் கண் முன்னால் சுட்டுப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டார். என்னை அழைக்கவில்லை. சார் போன் செய்து, “நீயும் வந்துரு தம்பி, வெடிச்சா என்ன ஏதுன்னு நீதான் சொல்லோணும்” என்றார்.

பேரல் வெடிக்கவில்லை. வழக்கம்போல மூன்று குண்டுகள் எட்டுக்குப் போயின. நான் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“தொடாதே” என்றார் அக்கா. “இன்னைக்குத் துடைக்காம வெச்சுப் பாக்கோணும்.”

ரைபிளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுட்டபின் முனை விளிம்பைச் சுற்றி மெழுகும் கரியும் பூ மாதிரிப் படியும். எல்லா ரைபிளிலும் அப்படித்தான். ஐந்தாம் நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதில் எல்லா இதழும் ஒரே அளவு. நாலாம் நம்பரில் மேலே மூன்று இதழ்கள் குட்டையாக இருந்தன, கீழே வலப்பக்கம் மட்டும் ஒரே திட்டாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. அக்கா ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்து விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டினார். ஐந்தாம் நம்பரில் வழுக்கிக்கொண்டு போனது. நாலாம் நம்பரில் அந்தக் கீழ்வலப்பக்கம் வந்ததும் பஞ்சு பிய்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது.

“இங்க தேஞ்சிருக்குதுங்க சார். வாயு மொதல்ல இந்தப் பக்கமாத் தப்பிச்சுருது. குண்டு வெளிய வர்ற நேரத்துல ஒரு தள்ளு.” சாரிடம்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “விகாஷு, நீ எந்தப் பக்கம் இருந்துடா ராடு விடறே?”

சொன்னேன். சீக் பீஸ் விஷயத்தையும் விளக்கினேன்.

அக்கா பஞ்சுக்குச்சியைக் கீழே வைத்தார். சதாசிவம் சார்தான், “ஏந் தம்பி, அந்தக் கட்டைல கோடு போட்டு வெச்சுட்டுக் கழட்டி மாட்ட வேண்டீதுதானே? எங்க மில்லுல அப்படித்தான் பண்ணுவோம்” என்றார்.

அவர் மில்லோடு ஒப்பிடுகிறார். இன்று வெயில் அதிகம். விஞ்ஞானத்தில் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வதுண்டு என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

நாலாம் நம்பரை சார் காரிலேயே சென்னைக்கு எடுத்துப்போனார்கள். அங்கே லைசென்ஸ் உள்ள ஒருவர் பேரலின் முனையை நகக்கண் அளவு வெட்டி, விளிம்பைப் புதிதாகக் கடைந்து தருவாராம். காரில் இடம் இருந்தது. எனக்குக் கடையில் வேலை இருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

கார்பன்காரியை அன்பிளாக் செய்தேன். சேனலில் ஆள் குறைகிறது, அதனால் மட்டும்.

தனிமெசேஜில் ஒரு கேள்வியும் கேட்டேன். ஒரு நண்பருக்காக. முனையைப் புதிதாகக் கடைந்தால் பேரல் பழையபடி சுடுமா?

“சுடும். நல்லாவே சுடும். ஆனா எந்தப் பெட்டி குண்டு அதுக்கு ஒத்துப்போவும்னு முதல்ல இருந்து பாக்கணும். ஒரு பத்து நாளு வேணும். ஒன் நண்பருட்ட பத்து நாளு இருக்கா?”

படித்ததாகக் காட்டும் நீல டிக் விழுந்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நேற்று மாலைதான் ரைபிள் திரும்பி வந்தது. அக்கா இன்று ஒருநாள்தான் சுட்டார். நான் வேலிக்கு வெளியே டீக்கடையில் இருந்தேன். டீ கேவலம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சென்னை. ஜெனரல் கம்பார்ட்மென்ட்டில் நின்றுகொண்டே வந்தேன். பார்வையாளர் வரிசையில் கடைசி நாற்காலி. தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன், வெயிலுக்காக.

பத்துப் பத்து ரவுண்டாக ஆறு சுற்று. அக்காவுக்கு முதல் சுற்று 98.7. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தன் நண்பனிடம், “கோயம்புத்தூர் பொண்ணு அவுட்டு மச்சி” என்றான். சுடுவதென்றால் என்னவென்றே தெரியாத ஜந்து. இரண்டாம் சுற்று 101.1. அக்கா எழுந்து உட்கார்ந்தார், குண்டுப் பெட்டியை மாற்றினார், மறுபடி படுத்தார். அடுத்து 103.9. பிறகு 104.2. 103.8. கடைசிச் சுற்றில் அவர் மூச்சை நிறுத்திய ஒவ்வொரு முறையும் நானும் நிறுத்தினேன். 104.5. அந்தச் சுற்றில் அரங்கத்திலேயே அதுதான் அதிகம்.

மொத்தம் 616.2.

நாலாவதாக வந்தவர் 616.6.

அக்கா கோட்டை மடித்து, ரைபிளைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, பூட்டிவிட்டு வந்தார். தொப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை, நேராக என்னிடம்தான் வந்தார்.

“சாப்டியா?”

“இல்லக்கா.”

“கேன்டீன்ல தக்காளி சாதம் இருக்குது. போய்ச் சாப்புடு.” கொஞ்ச தூரம் போனவர் நின்றார். “ஸ்டீலு நல்ல ஸ்டீலுதான்டா விகாஷு.”

திட்டியிருக்கலாம். இந்த மனிதர்களுக்குத் திட்டக்கூடத் தெரியவில்லை.

தக்காளி சாதம் உப்பில்லை. பாதியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

ஜூலையில் இன்னொரு தேர்வு இருக்கிறது. அக்காவுக்கு அதுதான் கடைசி. ஸ்டெயின்லெஸ் பேரல் கோரிக்கையைக் கமிட்டி கைவிட்டுவிட்டது. கடைசியில் ஒரு புத்திசாலித்தனமான முடிவு, அவர்களிடமிருந்து! நாலாம் நம்பரை மறுபடி அக்காவிடமே கொடுத்துவிட்டார்கள்.

அதைத் துடைக்க ஒரு ஆள் தேவை. நான் செய்ய முடியாது. கடையில் வேலை அதிகம், தவிர ஆயுத அறைப் பக்கம் வர வேண்டாம் என்று சார் சொல்லியிருக்கிறார், அது ஏதோ கிளப் விதி. வேலை மாதத்துக்கு ஒருமுறைதான் இருக்கும், அதுவும் அக்கா சொன்னால் மட்டும். ராடு பின்பக்கத்திலிருந்துதான். முனையை யாரும் எதற்காகவும் தொடக் கூடாது.

அறுபது பக்கக் கட்டுரை படித்தவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். போட்டோ எடுத்துப் போடுகிறவர்களும் வேண்டாம். சீக் பீஸை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று அக்காவிடம் நேராகப் போய்க் கேட்கிறவர் வேண்டும். கேட்டால் அவர் சொல்லித்தருவாராம். ஒரு நிமிஷ வேலையாம். நேற்று ஐந்தாம் நம்பர்க்காரப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன்.

கோவையில் இருப்பவர்கள் கமெண்டில் பெயரைப் போடுங்கள். சும்மா ஹார்ட் விட்டுவிட்டு ஓடுகிற ஆட்கள் இந்த ஒருமுறையாவது உருப்படியாக நாலு பேருக்குப் பகிருங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரேஞ்ச் திறக்கும். யாராவது போங்கள்.